டைனோசர் காலத்துச் செடி, விலை 400 ரூபாய்



இந்த இதழை ஒரு குற்ற ஒப்புதலோடு தொடங்க வேண்டியிருக்கிறது. நம் அலுவலக மொட்டைமாடியில் நின்ற கிறிஸ்துமஸ் மரம் பட்டுப்போய்விட்டது. கொன்றவன் நான்தான்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பர் சாயங்காலம், சாலையோர நர்சரியில் 400 ரூபாய்க்கு வாங்கிய செடி அது. முழங்கால் உயரம் இருந்தது. நட்டநடுவே நேரான தண்டு, அதைச் சுற்றி அடுக்கடுக்காகக் கிளைகள். கோயிலில் காட்டும் அடுக்குத் தீபத்துக்குப் பச்சை வண்ணம் அடித்தது போல இருக்கும். இலை பார்ப்பதற்கு ஊசி; தொட்டால் பூனைக்குட்டி. அலுவலகத்துக்கு வரும் எல்லோரும் ஒரு தடவை தடவிவிட்டுத்தான் போவார்கள்.

போன சித்திரை வெயிலில் எனக்கு அதன்மேல் இரக்கம் வந்தது. காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி. தொட்டிக்கு அடியில் ஒரு தட்டு வைத்து, அதிலும் தண்ணீர் நிற்கும்படி பார்த்துக்கொண்டேன். அடி அடுக்கு முதலில் பழுத்தது. வெயில் என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். இரண்டாவது அடுக்கு. மூன்றாவது. எங்கள் பிழைதிருத்தும் அண்ணன் மட்டும், "சார், அது வயிறு உப்பிப்போய்க் கிடக்கு, விட்டுடுங்க" என்று சொல்லிப் பார்த்தார். என் பத்தியில் ஒற்றுப்பிழை இருக்கிறது என்று அவர் சொன்னால் கேட்டுக்கொள்கிற நான், செடி விஷயத்தில் கேட்கவில்லை.

காய்ந்த குச்சியைத் தூக்கிக்கொண்டு அதே நர்சரிக்குப் போனேன். நர்சரி அக்கா செடியை உருவி வேரை முகர்ந்து பார்த்தார். "தண்ணி ஊத்தியே முடிச்சிட்டீங்களே சார். காயவிட்டாக்கூடப் பொழச்சுக்கும். எந்நேரமும் நனையவெச்சா வேர் எப்படி மூச்சு விடும்?" என்றார். பிறகு, மனம் கேட்காமலோ என்னவோ, இன்னொன்றும் சொன்னார்: "இது சாமானியப்பட்ட செடி இல்ல சார். டைனோசர் காலத்துச் செடியாம். எம் பையன் போன்ல காட்டினான்."

பையன் காட்டியது பொய்யில்லை. அன்றைக்குப் புதிதாக ஒரு செடியும் கையில் ஒரு குற்ற உணர்ச்சியுமாகத் திரும்பி வந்தவன், இரண்டு மாதமாக இந்த மரங்களைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். இந்த மாதத் தலையங்கத்துக்கு வேறு விஷயம் யோசித்து வைத்திருந்தேன். அது அடுத்த மாதம் வரைக்கும் கெட்டுப்போகாது.

முதலில் பெயர்க் குழப்பம். ஐரோப்பாவில் வெட்டி வீட்டுக்குள் கொண்டுவந்து விளக்குப் போடுகிற மரம் ஸ்ப்ரூஸ் அல்லது ஃபிர், குளிர்தேசத்தது. நம் ஊரில் அந்தப் பெயரில் விற்கிற செடி அரக்கேரியா, தென் பசிபிக் தீவுகளைச் சேர்ந்தது. இரண்டும் ஊசியிலை மரங்கள் என்ற பெரிய குடும்பத்தில் ஒன்றுவிட்ட உறவு, அவ்வளவுதான். நம் கடற்கரைச் சவுக்கையும் இந்தக் கூட்டத்தில் சேர்க்க நினைப்பவர்கள் உண்டு. சேர்க்க முடியாது. சவுக்கு பூக்கும் தாவரம். அதன் 'ஊசி' இலையே அல்ல, கணுக் கணுவான மெல்லிய தண்டு. காய் மட்டும் சின்னக் கூம்பு போல வேஷம் போடுகிறது.

அரக்கேரியாவிலும் நம் நர்சரிகளுக்கு வருபவை பெரும்பாலும் இரண்டு. ஒன்று ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே இருக்கும் நார்ஃபோக் தீவுக்காரர். மற்றவர் அதற்கும் வடக்கே, நியூ கலிடோனியாக்காரர். சிறுவயதில் இரண்டையும் பிரித்துச் சொல்வது தாவரவியல் படித்தவர்களுக்கே கஷ்டம். கேப்டன் குக் தன் இரண்டாம் பயணத்தில், 1774இல், சில வார இடைவெளியில் இரண்டு இடங்களையும் பார்த்தார். நியூ கலிடோனியாவின் தென்கோடியில் ஒரு தீவு கண்ணில் பட்டபோது கப்பலுக்குள் வாக்குவாதம் நடந்திருக்கிறது. கரையில் வரிசையாக நிற்பது என்ன? மரம் என்றார் குக். கூட இருந்த அறிவாளிகள் சிலர் கல்தூண்கள்தான் என்று சாதித்தார்கள். கிளைகள் அவ்வளவு குட்டை, உடம்பு அவ்வளவு நேர். கிட்டப்போய்ப் பார்த்ததில் குக் ஜெயித்தார். அந்தத் தீவுக்கு இன்றும் பைன் தீவு என்றே பெயர்.

அந்த மரத்துக்கு ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. அது நேராக நிற்பதில்லை, சாய்கிறது. காற்றுக்குச் சாய்வது வேறு, இது வேறு. 2017இல் வெளியான ஓர் ஆய்வில் ஐந்து கண்டங்களில் 256 மரங்களை அளந்து பார்த்தார்கள். பூமத்திய ரேகைக்கு வடக்கே வளர்பவை தெற்குப் பக்கம் சாய்கின்றன. தெற்கே வளர்பவை வடக்குப் பக்கம். சராசரிச் சாய்வு எட்டரை டிகிரி. பூமத்திய ரேகையிலிருந்து தள்ளிப்போகப் போகச் சாய்வும் கூடுகிறது. எல்லா மரங்களும் எங்கே இருந்தாலும் ஒரே கோட்டைப் பார்த்து வணங்குகின்றன என்றுதான் இதைச் சொல்லத் தோன்றுகிறது. காரணம் உறுதியாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆகவே உங்கள் வாசலில் நிற்கும் கிறிஸ்துமஸ் மரம் லேசாகத் தெற்கே சாய்ந்தால் குழி தோண்டியவரைத் திட்டாதீர்கள்.

மரமா கல்லா என்று குக்கின் கப்பலில் நடந்த சண்டையைப் படித்தபோது எனக்குச் சாத்தனூர் ஞாபகம் வந்தது. பெரம்பலூர் மாவட்டத்தில், வானம் பார்த்த கரிசல் காடுகளுக்கு நடுவே, ஒரு மரம் கல்லாகப் படுத்திருக்கிறது. 18 மீட்டர் நீளம். 1940இல் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் அதை உலகுக்குச் சொன்னார். அங்கே எழுதி வைத்திருக்கும் வயது 12 கோடி ஆண்டு. ஆற்றில் அடித்துவரப்பட்டுக் கடலில் அமிழ்ந்து, சேற்றில் புதைந்து, மரத்தின் ஒவ்வொரு துளியும் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லால் மாற்றீடு ஆன உடம்பு அது. ஆம், பெரம்பலூரில் அன்றைக்குக் கடல் இருந்தது. சுற்றுவட்டாரத்தில் சிப்பிகளும் சுருள் சங்குகளும் இன்றும் கல்லாகக் கிடைக்கின்றன. அந்தக் கல்மரம் ஓர் ஊசியிலை மரம். வேம்பும் புளியும் ஆலும் இல்லாத காலம் அது. பூ என்பதே அப்போதுதான் உலகத்துக்குப் புதிது. இந்தியா, ஆஸ்திரேலியாவையும் அண்டார்டிகாவையும் விட்டுப் பிரிந்துகொண்டிருந்த நேரம். அந்த நிலத்தில் காடு என்றால் பெரும்பாலும் இந்தக் கூட்டம்தான்.

பிறகு பூக்கும் மரங்கள் வந்தன, பரவின, வென்றன. ஊசியிலைக்காரர்கள் குளிருக்கும் மலைக்கும் தீவுக்குமாக ஒதுங்கினார்கள். தென்னிந்தியாவில் தானாக வளரும் ஊசியிலைக் கூட்டத்து மரம் இன்று ஒன்றே ஒன்றுதான் மிச்சம். மேற்குத்தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், பசுமை மாறாக் காடுகளுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் நகேயா. அதற்கும் இலை ஊசி இல்லை, அகன்ற இலை. மாறுவேஷத்தில் பிழைத்துக்கொண்டிருக்கிறது.

சாத்தனூரில் படுத்திருப்பவரின் கூட்டத்தார் வேறெங்கோ உயிரோடு இருப்பார்கள் என்பது ஒரு செய்தி. இல்லவே இல்லை என்று முடிவுகட்டிய பிறகு ஒருவர் கதவைத் தட்டுவது இன்னொரு செய்தி. அதைத்தான் விரிவாகச் சொல்ல ஆசை.

1994 செப்டம்பர். சிட்னி நகரத்திலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் வொல்லெமி தேசியப் பூங்கா. நகரத்துக்குப் பக்கம் என்றுதான் பெயர். உள்ளே மனிதக் கால் அதிகம் படாத மணற்கல் பள்ளத்தாக்குகள் நூற்றுக்கணக்கில். டேவிட் நோபிள் என்ற வனப் பணியாளருக்கு விடுமுறை நாளில் கயிறு கட்டி இந்தப் பள்ளங்களில் இறங்குவது பொழுதுபோக்கு. அப்படி இறங்கிய ஓர் இடத்தில், பார்த்தே இராத மரங்கள் நின்றன. பட்டை முழுவதும் பாகு கொதித்துக் குமிழியிட்டது போலக் கொப்புளம் கொப்புளமாக, காப்பிக்கொட்டை நிறத்தில். நோபிள் ஒரு கிளைத் துண்டை முதுகுப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். அதை வாங்கிப் பார்த்த சக ஊழியர், பெரணியா, புதரா என்று கேட்டதாகச் சொல்வார்கள். இரண்டும் இல்லை, மரம், ரொம்பப் பெரிய மரம் என்றாராம் நோபிள். 40 மீட்டர் வரை வளரும் மரம்.

அடுத்த ஆண்டு அதற்கு வொல்லெமியா நோபிலிஸ் என்று பெயர் வைத்தார்கள். பூங்காவின் பெயர் பாதி, கண்டவரின் பெயர் மீதி. அரக்கேரியாவுக்கு நெருங்கிய சொந்தம். 9 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பாறைகளில் இதன் மகரந்தத்தைப் போன்ற மகரந்தம் கிடைக்கிறது. மேலே வரவரக் குறைந்து, 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் காணாமலே போகிறது. கணக்கை மூடிவிட்டார்கள். அப்படிப்பட்டவர் ஒரு பெருநகரத்தின் கொல்லைப்புறத்தில் நின்றுகொண்டிருந்தார்.

நின்றவர்கள் எத்தனை பேர்? வளர்ந்த மரங்கள் 100கூட இல்லை. எல்லாமும் ஒரே பள்ளத்தாக்கு வட்டாரத்தில். அவற்றின் மரபணுவைப் பார்த்தபோது ஒன்றுக்கொன்று வித்தியாசமே கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு ஒத்துப்போயின. ஒரு நோய் வந்தால் ஒருவர் விழுந்து இன்னொருவர் தப்புவார் என்று சொல்வதற்கில்லை. இடத்தை ரகசியமாக வைத்தார்கள், இன்றும் வைத்திருக்கிறார்கள். அப்படியும் 2005இல், வேரை அழுக வைக்கும் பூஞ்சை போன்ற ஒரு கிருமி அங்கே போய்ச் சேர்ந்திருப்பது தெரிந்தது. அனுமதியில்லாமல் ஆசையாகப் பார்க்கப் போன யாரோ ஒருவரின் செருப்பு மண்ணில் ஒட்டிக்கொண்டு போயிருக்கலாம் என்பதுதான் சந்தேகம். வாளியோடு நின்ற எனக்கு இந்த இடத்தைப் படிக்கும்போது முகம் சுண்டிப்போனது.

இப்போது ஆஸ்திரேலியர்கள் செய்த காரியத்தைக் கேளுங்கள். அரிய மரம், வேலி போடு, யாரையும் விடாதே என்றுதான் எந்த அரசாங்கத்துக்கும் தோன்றும். அவர்கள் அதையும் செய்தார்கள். அதோடு நேர்மாறான ஒன்றையும் செய்தார்கள்: எல்லோருக்கும் விற்றார்கள். குச்சி வெட்டி, வேர்விட வைத்து, ஆயிரக்கணக்கில் கன்று எடுத்தார்கள். 2005 அக்டோபரில் சிட்னி தாவரவியல் பூங்காவில் சோத்பீஸ் நிறுவனம் ஓவியங்களை ஏலம் விடுவது போல முதல் தலைமுறைக் கன்றுகள் 292ஐ ஏலம் விட்டது. 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் வசூல். மறுவருடத்திலிருந்து சாதாரணக் கடைகளிலும் கிடைத்தது. வீட்டு முற்றத்தில், வரவேற்பறைத் தொட்டியில், எங்கேயும் வைத்துக்கொள்ளலாம். விற்ற பணத்தில் ஒரு பங்கு காட்டு மரங்களின் பாதுகாப்புக்கு. ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டால் திருடப் போகிறவனுக்கு அங்கே என்ன வேலை என்பது கணக்கு. லண்டன் கியூ தோட்டத்தில், இயற்கை ஆவணப்படங்களுக்குப் பெயர்போன டேவிட் அட்டன்பரோ நட்ட கன்றைச் சுற்றி, அந்தக் கணக்கின்மேல் முழு நம்பிக்கை வராமல், இரும்புக் கூண்டு போட்டிருந்தார்கள்.

காட்டு மரங்களுக்குப் பரீட்சை 2019இன் கடைசியில் வந்தது. மின்னல் விழுந்து பற்றிய காட்டுத்தீ மாதக்கணக்கில் எரிந்து, 5 லட்சம் ஹெக்டேருக்கு மேல் தின்றுகொண்டு அந்தப் பள்ளத்தாக்கை நோக்கி வந்தது. விமானங்கள் தீத்தடுப்பு ரசாயனத்தைக் கொட்டின. ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் ஆட்களை இறக்கி, மரங்களைச் சுற்றித் தண்ணீர்க் குழாய் போட்டு மண்ணை நனைத்து வைத்தார்கள். (சரியான நேரத்தில், சரியான இடத்தில் ஊற்றிய தண்ணீர்.) தீ கடந்து போனது. ஓரிரு மரங்கள் போயின, சில கருகின, மற்றவை நின்றன. 2020 ஜனவரியில் அதை அறிவித்தபோதும் இடம் எது என்று சொல்லவில்லை.

ஒருவேளை அத்தனையும் எரிந்திருந்தால்? காட்டில் அந்த மரம் முடிந்திருக்கும். ஆனால் உலகத்தில் முடிந்திருக்காது. எத்தனையோ ஊர்களில், எத்தனையோ வீட்டு வாசல்களில், 'எவ்வளவு அழகா இருக்கு' என்பதற்காகவே வாங்கப்பட்ட கன்றுகள் இருந்திருக்கும்.

அழகுச் செடி என்றால் நமக்குள் ஓர் இளக்காரம் இருக்கிறது. எனக்கும் இருந்தது. காய் தராது, நிழல் தராது, சாமிக்குப் பூ தராது, ஆடுகூடத் தின்னாது. காசிருக்கிறவன் வாசலில் நிறுத்திவைக்கும் பகட்டு. எங்கள் வீட்டில் என் அப்பா குரோட்டன்ஸ் செடியைக்கூட அனுமதித்ததில்லை. அந்த இடத்தில் ஒரு முருங்கை வரும் என்பார். அப்பாவின் கட்சியிலிருந்து முழுக்க விலகிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பழைய மரங்களின் சரித்திரத்தில் பகட்டுக்கு ஒரு கௌரவமான பங்கு இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

விடியல் செம்மரம் என்று நான் பெயர் வைத்துக்கொண்டிருக்கும் மெட்டாசெக்கோயாவைப் பாருங்கள். 1941இல் ஜப்பானிய அறிஞர் ஷிகெரு மிகி, புதைபடிவங்களை வைத்து இப்படி ஒரு மரம் இருந்திருக்கிறது என்று எழுதினார். அழிந்துபோன மரம். அதே வருடம் சீனாவின் உட்பகுதியில், மோதாவ் என்ற கிராமத்தில், ஒரு வன அறிஞர் பெயர் தெரியாத பெரிய மரம் ஒன்றைப் பார்த்தார். அடியில் சின்னக் கோயில் இருந்தது. ஊர்க்காரர்கள் அதைத் தண்ணீர் மரம் என்ற பொருளில் ஏதோ சொல்லிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாடுகளும் போரில் இருந்தன. இவர் எழுதியதை அவர் படிக்க வழியில்லை. போர் முடிந்து 1946இல்தான், ஜப்பானில் கல்லாக இருப்பதும் சீனாவில் கும்பிடப்படுவதும் ஒன்றுதான் என்று சீன அறிஞர்கள் பொருத்திப் பார்த்தார்கள். விதை சேகரிக்க அமெரிக்காவின் ஆர்னால்ட் தாவரத் தோட்டத்திலிருந்து 250 டாலர் அனுப்பினார்கள். 1948 தொடக்கத்தில் விதை வந்து சேர்ந்தது. வந்த கையோடு உலகத்துத் தோட்டங்களுக்கெல்லாம் பொட்டலம் பொட்டலமாகப் போனது. இன்று சீனத்துச் சாலையோரங்களிலும் ஐரோப்பியப் பூங்காக்களிலும் அது சர்வசாதாரணம். ஊசியிலை மரம்தான், ஆனால் இலையுதிர் காலத்தில் தாமிர நிறமாகிக் கொட்டிவிடும். அந்த நிறத்துக்காகவே நடுகிறார்கள். 250 டாலருக்கு இதைவிட நல்ல வியாபாரம் நடந்ததாக நான் கேள்விப்படவில்லை.

அரக்கேரியாவிலேயே இன்னொன்றான குரங்குப் புதிர் மரத்தின் கதை விருந்துச் சாப்பாட்டில் தொடங்குகிறது. 1795இல் சிலி நாட்டில், ஸ்பானிய ஆளுநர் வீட்டு விருந்தில், கப்பல் மருத்துவரும் தாவரப் பித்தருமான ஆர்ச்சிபால்ட் மென்சீஸுக்கு முன்னால் ஏதோ கொட்டைகளை வைத்தார்கள். என்ன கொட்டை என்று புரியவில்லை. சிலவற்றைத் தின்னாமல் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். கப்பல் தளத்திலேயே விதைத்து, ஐந்து கன்றுகளோடு இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. நம் கல்யாணப் பந்திகளில் இந்த வேலை செய்பவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் கொண்டுபோவது விதையாக இருப்பதில்லை. அடுத்த நூற்றாண்டின் நடுவில் நர்சரிகள் ஆயிரக்கணக்கில் விதை தருவிக்க, விக்டோரியா காலத்து மாளிகை வாசல்கள் எல்லாம் அந்த மரம்தான். கார்ன்வாலில் ஒரு தோட்டத்தில் முள் போன்ற அதன் இலைகளைப் பார்த்த வழக்கறிஞர் ஒருவர், இதில் ஏறுவது குரங்குக்கே புதிராகிவிடும் என்று சொல்லப்போக, அதுவே பெயராக நிலைத்தது. அது வளரும் சிலி மலைகளில் குரங்கே கிடையாது.

இங்கிலாந்தில் வாசலுக்கு வாசல் நின்ற மரம், பிறந்த மண்ணில் கோடாலிக்கும் தீக்கும் பலியாகி இன்று அருகிவரும் பட்டியலில் இருக்கிறது. அந்த மலைகளில் வாழும் பெஹுவென்சே மக்களுக்கு அது அழகுச் செடி அல்ல. அவர்கள் பெயரே பெஹுவென் மரத்து மக்கள் என்றுதான் பொருள்படும். அதன் கொட்டைதான் அவர்களுக்குக் குளிர்கால அரிசி. வாசல் மரத்தால் அந்தக் காட்டுக்கு ஈடு செய்ய முடியாது. வாசலில் நிற்பது மரத்தின் பெயரைக் காப்பாற்றலாம், விதையைக் காப்பாற்றலாம். அதை நம்பியிருந்த கிளியையும் மனிதனையும் காப்பாற்றாது. இங்கிலாந்தில் இந்தக் குடும்பம் இன்னொரு உருவத்திலும் இருந்தது. அந்தக் காலத்துக்குப் பெயர் தந்த விக்டோரியா ராணி, கணவர் 1861இல் இறந்தபின் அணிந்துகொண்ட கருப்பு நகைகள் விட்பி என்ற கடலோர ஊரில் தோண்டி எடுத்தவை. அவை சுமார் 18 கோடி ஆண்டுக்கு முந்தைய அரக்கேரியா இனத்து மரங்கள் மக்கிக் கருத்து இறுகியவை. பணக்கார வீட்டு வாசலில் உயிரோடு ஒன்று, அந்த வீட்டம்மா கழுத்தில் கரியாக ஒன்று.

உயிருள்ள மரமும் கல்லான மரமும் ஒருசேர இருப்பது ஊட்டி போயிருப்பவர்களுக்கு முற்றிலும் புதிய சேதி அல்ல. 1848இல் மக்ஐவர் என்ற கியூ தோட்டத்து ஆள் வந்து உருவாக்கத் தொடங்கிய தாவரவியல் பூங்காவில், வெளிநாட்டு ஊசியிலை மரங்கள் ஓங்கி நிற்கின்றன. கிளையைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்திருப்பீர்கள். (மலைவாசத்தலங்களில் குரங்கு ஏறா மரம் என்று காட்டப்படுவது சில இடங்களில் சிலிக்காரரே அல்ல, குயின்ஸ்லாந்தின் புன்யா. அதன் கூம்பு ஒன்று 10 கிலோகூட இருக்கும். காய்க்கும் பருவத்தில் அதன் அடியில் நின்று போட்டோ வேண்டாம்.) அதே பூங்காவில் 2 கோடி ஆண்டு வயதுள்ள ஒரு கல்மரத் துண்டும் இருக்கிறது. நூறு பேர் அதைக் கடந்து ரோஜாவைப் பார்க்கப் போவார்கள். அடுத்த தடவை ஒரு நிமிடம் அங்கே நில்லுங்கள்.

ஊட்டி பற்றிப் பேசும்போது ஒன்றை விழுங்கிவிட்டுப் போகக் கூடாது. பூங்காவில் ஒரு வெளிநாட்டு மரம் விருந்தாளி. அதையே ஆயிரம் ஏக்கரில் நட்டால் ஆக்கிரமிப்பு. நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளிகளை உழுது பைனும் சீகையும் யூகலிப்டஸும் நட்டதில் சோலையும் புல்வெளியும் பட்ட பாடு நமக்குத் தெரியும். அரிய மரத்தை வாங்குங்கள் என்று நான் சொல்வது தொட்டிக்கும் முற்றத்துக்கும்தான். காட்டோரத்தில் மனை வாங்கியிருக்கும் வாசகர்கள் என்னைச் சாட்சிக்கு அழைக்க வேண்டாம்.

இனி வளர்ப்பு. கொலைகாரன் சொல்லும் யோசனை என்று தள்ளாமல் கேளுங்கள். எல்லாம் நர்சரி அக்காவிடமும் நூல்களிலும் கற்றது. செம்மண்ணோடு ஆற்றுமணலோ உடைத்த செங்கலோ தாராளமாகக் கலந்து, கொஞ்சம் மக்கிய தொழு உரம் போட்டால் போதும். விரலை மண்ணில் இரண்டு கணு இறக்கிப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். அடியில் தட்டு வைக்காதீர்கள். ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் படுகிற இடம் என்றால் வாரம் ஒருமுறை தொட்டியைத் திருப்பிவிடுங்கள், இல்லையேல் ஒருபக்க மீசை போல வளரும். ஏசி அறைக்குள் மாதக்கணக்கில் பூட்டிவைத்தால் அடிக்கிளை உதிரும்; உதிர்ந்த அடுக்கு மறுபடி வராது.

எல்லாவற்றையும்விட முக்கியம் உச்சிக் குருத்து. இந்தச் செடியின் தலையெழுத்து அங்கேதான் இருக்கிறது. அதைக் கிள்ளினாலோ, ஜிகினா நட்சத்திரத்தைச் செருகும்போது உடைத்தாலோ அந்த வடிவம் போச்சு. ஆசையாகப் பக்கக் கிளையை வெட்டிப் போத்து நடுவதும் பலிக்காது. வேர் விட்டாலும், தான் கிளை என்பதை அது மறப்பதில்லை. ஆயுசுக்கும் படுக்கையாகவே வளரும். நிமிர்ந்த மரம் வேண்டுமென்றால் விதையிலிருந்து வரவேண்டும், அல்லது நிமிர்ந்த குருத்திலிருந்து. விதையோ, பறித்த சூட்டோடு போட்டால்தான் நன்றாக முளைக்கும். கடையில் தொட்டிக்குள் இரண்டு மூன்று கன்றுகளைச் சேர்த்து வைத்து அடர்த்தியாகக் காட்டி விற்பதும் உண்டு. வீட்டுக்கு வந்ததும் பிரித்துவிடுவது நல்லது.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இந்த மரம் தோழன். உப்புக்காற்று நார்ஃபோக் மரத்தை ஒன்றும் செய்யாது. தீவில் பிறந்தவர் அல்லவா. சிட்னியின் மேன்லி கடற்கரையில் 19ஆம் நூற்றாண்டிலேயே வரிசையாக நட்டார்கள். நூறு வருடம் உப்பில் நின்ற அந்த மரங்கள் 1960களிலும் 70களிலும் திடீரென்று வாடின. புயலும் இல்லை, பூச்சியும் இல்லை. காரணம் சலவை சோப்பு. நகரத்துக் கழிவுநீரோடு கடலில் கலந்த சலவைத்தூள் ரசாயனம் காற்றுத் திவலையில் ஏறிவந்து இலைமேல் படிந்தது. உப்பு உள்ளே போகாமல் தடுத்துவந்த இலைத் தோலின் வழுவழுப்பு அதனால் தோற்றுப்போனது. கடலைச் சமாளித்த மரத்தை நம் துணி துவைக்கும் தண்ணீர் சாய்த்தது. எண்ணூரிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் எழுதும் நம் வாசகர்கள் இதைப் படித்துவிட்டுச் சிரிப்பார்களா, பெருமூச்சு விடுவார்களா, தெரியவில்லை.

புதுச் செடி மொட்டைமாடியில் இருக்கிறது. இந்தத் தடவை தொட்டியை என் மேஜைக்கு எட்டாத மூலையில் வைத்திருக்கிறார்கள். பிழைதிருத்தும் அண்ணன் அதன் மேல் ஓர் அட்டை தொங்கவிட்டிருக்கிறார்: 'ஆசிரியர் தண்ணீர் ஊற்றக் கூடாது.' ஒற்றுப்பிழை இல்லை. போன வாரம் உச்சியில் புதிதாக ஒரு சுற்றுக் குருத்து கண் திறந்திருக்கிறது, விரல் நகம் அளவுக்கு.

உங்களிடம் ஓர் உதவி. உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலோ, தேவாலய வளாகத்திலோ, பழைய எஸ்டேட் பங்களாவிலோ வளர்ந்த அரக்கேரியா நின்றால் போய்ப் பாருங்கள். மார்பு உயரத்தில் சுற்றளவை நூலால் அளந்துகொள்ளுங்கள். கொஞ்சம் தள்ளி நின்று, மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கைபேசித் திசைகாட்டியில் பார்த்து எழுதுங்கள். யார் நட்டது என்று சொல்ல ஊரில் யாராவது இருந்தால் அவர்களிடம் கேட்டு அதையும் எழுதுங்கள். பிப்ரவரி இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்